நள்ளிரவில் தட்டிய குழாய்

கண்டி மஹய்யாவையில், மலைச்சரிவிலே அமைந்த பழைய வீடு எங்களுடையது. பகலில் மாத்தளைப் புகையிரதம் கூவிச் செல்லும் ஓசைக்கு என் தாயாரின் சிறுதுயிலுங் கலைவதில்லை. ஆனால், நள்ளிரவில் கூரைக்கடியிலே நீர்க்குழாய் "தட், தட்" என்று அதிரும்பொழுதெல்லாம் எழுந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். "பழைய குழாய்தான், படுங்கள் அம்மா" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அவர் மெதுவாகச் சொன்னார்: "குழாய் என்று எனக்குந் தெரியும், தம்பி. கதவைத் தட்டுவதுபோல் இருக்கிறதே."

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது, கைக்குழந்தையாகிய என்னை மடியில் வைத்துக்கொண்டு, எப்பொழுது கதவு தட்டப்படுமோ என்று அவர் விழித்திருந்த இரவுகளை நான் கேட்டறிந்திருக்கிறேன். அவற்றையும் இந்தக் குழாயையும் சேர்த்து எண்ணத்தான் எனக்குத் தோன்றவில்லை. கல்லூரியில் ஆண்டுதோறும் திரவ அமுக்கத்தைப் படிப்பிக்கும் எனக்கு வெட்கமாயிற்று. அந்த வார இறுதியிலேயே ஏணியை எடுத்தேன்.

குழாயைத் தாங்கிய இரும்புப் பட்டிகளில் இரண்டு கழன்று, குழாய் மரத்தில் மோதிக்கொண்டிருந்தது. பழைய சைக்கிள் தியூப்பை வெட்டி இடையில் வைத்துப் பட்டிகளை இறுக்கினேன். ஓசை குறைந்தது, ஒழியவில்லை. மோதிய குழாயை அடக்கினேனேயன்றி, அதனை மோதச் செய்தது எதுவென்று பார்க்கவில்லை.

ஓடிவரும் நீரைச் சட்டென்று மறித்தால், அதன் வேகம் அமுக்க அலையாகிக் குழாய் வழியே பின்னோக்கிப் பாய்கிறது. இதனை நீர்ச்சம்மட்டி அடி எனலாம். ருஷ்ய அறிஞர் நிக்கொலாய் ஜூக்கோவ்ஸ்கி 1897ஆம் ஆண்டில் மொஸ்கோவில் நீர்க்குழாய்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். இரும்புக் குழாயில் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் வரும் நீர் திடீரென நிறுத்தப்பட்டால், ஏறத்தாழ 130 மீற்றர் உயரமுள்ள நீர்நிரலின் அளவுக்கு அமுக்கம் ஏறக்கூடும்.

எங்கள் வீட்டில் நள்ளிரவில் நீரை மறிப்பது யார்? தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வுதான். கண்டியோ மலைநகரம். குழாய் 10 மீற்றர் இறங்கினால் அமுக்கம் சுமார் ஒரு வளிமண்டல அளவு கூடும். ஊர் உறங்கி, எவரும் நீரெடுக்காத வேளையில் அது மேலும் உயரும். தொட்டி நிறையுந் தறுவாயில், நீரலைகள் மிதவையை மேலுங் கீழும் ஆட்ட, வால்வு திறந்து திறந்து மூடும். ஒவ்வொரு மூடலும் ஒரு சம்மட்டி அடி.

முற்றத்திலுள்ள பிரதான வால்வை மூடிவிட்டு மிதவை வால்வைக் கழற்றினேன். உள்ளிருந்த இறப்பர் வாசர் தேய்ந்து குழிந்திருந்தது. புதியதொன்றை இட்டேன். பிரதான வால்வை முழுவதுந் திறவாது சற்றுக் குறைத்து வைத்தேன். மிதவைத் தண்டிலே, துளையிட்ட சிறு பிளாஸ்டிக் கிண்ணமொன்றை நீரில் அமிழுமாறு தொங்கவிட்டேன். அது மிதவையின் ஆட்டத்தை அடக்கிற்று.

இவ்வேலையைச் செய்ய விரும்புவோர் இரண்டு காரியங்களை மறத்தலாகாது. ஏணியைப் பிடிக்க ஒருவர் வேண்டும். துருவேறிய மூட்டுகளைப் பலங்கொண்டு முறுக்கக்கூடாது; அரித்துப்போன இரும்பு முறிந்தால் வீடெல்லாம் வெள்ளமாகும். அத்தகைய குழாய்க்குத் தொழில் தெரிந்தவரை அழைப்பதே அறிவு. ஓசைதானே என்று விட்டுவிடுவதுந் தகாது. ஒவ்வோர் அடியும் மூட்டுகளைத் தளர்த்தும். அதைக் கேட்டு வீட்டில் யார் விழித்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அன்றிரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டவன் நான்தான். தொட்டியில் நீர் விழும் மெல்லொலி மட்டுங் கேட்டது. அடுத்த அறையை எட்டிப் பார்த்தேன். அம்மா உறங்கிக்கொண்டிருந்தார்.