அவுட் ஆனவன் எங்கே போகிறான்?

பள்ளி மைதானத்தில் நடக்கும் ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆட்டத்தில் இல்லாதவர்களைப் பார்க்கத்தான் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். ஒன்பதாம் வகுப்பை வெளியே கூட்டி வந்தால் நாற்பத்தைந்து பேர் வருகிறார்கள். பந்தைக் கொடுத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு பேர் உண்மையாக ஆடிக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் ஆடுகிற பாவனையில் பந்து வராத பக்கமாக நகர்ந்துகொண்டிருப்பார்கள். மிச்சப் பேர் வேப்பமரத்தடியில். பி.டி. வாத்தியாரின் வேலை அந்த மரத்தடியில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. புதுக்கோட்டைப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் விசிலும் கையுமாகப் பல வருடம் நின்ற பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்சிக்கு ஆதரவு குறைவு. எங்களை ஊர் அளப்பது கோப்பையை வைத்து. குறுவட்டத்தில் எத்தனை, மாவட்டத்தில் எத்தனை, மாநிலத்துக்கு யாராவது போனார்களா? தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரி இருப்பதே அதற்காகத்தான். கோப்பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறுவட்டத்துக்குப் போகிற முப்பது நாற்பது பிள்ளைகளும் விடியற்காலையிலேயே மைதானத்துக்கு வந்துவிடுகிற ரகம். நான் லீவு போட்டாலும் அவர்கள் ஓடுவார்கள். பள்ளியில் மற்ற நானூறு பேருக்கு வாரத்தில் உடம்பை அசைக்க வாய்ப்பென்று இருப்பது இரண்டே இரண்டு பி.டி. பீரியட். பத்தாம் வகுப்பாக இருந்தால் அரையாண்டுக்குப் பிறகு அதுவும் கணக்குக்குப் போய்விடும்.

வளரும் பிள்ளைகள் தினமும் அறுபது நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டின் தரவுகளை வைத்து அது வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் உலக அளவில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவில் சுமார் 74 சதவீதம். நம் எண்ணிக்கை கொஞ்சம் தேவலாம் என்று சந்தோஷப்படலாம். நடந்து பள்ளிக்கு வருவதும், தண்ணீர்க்குடம் தூக்குவதும், ஆட்டை ஓட்டிக்கொண்டு போவதும்கூட அந்தக் கணக்கில் சேரும். நம் கிராமத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது பெரும்பாலும் அதுதான். இப்போது பள்ளி வாசல்வரை பஸ்ஸோ வேனோ வந்துவிடுகிறது.

ஒரு சோதனையை எல்லா உடற்கல்வி ஆசிரியர்களும் செய்து பார்க்கலாம். பீரியட் தொடங்கியதும் சுமாராக ஆடுகிற ஒரு பிள்ளையை மனதுக்குள் தேர்ந்துகொள்ளுங்கள். அவனிடம் சொல்லக் கூடாது. அவன் அசையும்போது ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள், நிற்கும்போது நிறுத்துங்கள். நாற்பது நிமிடத்தில் பத்து தேறினால் பெரிய விஷயம். மிச்சமெல்லாம் வரிசையில் கரைந்திருக்கும். வகுப்பிலிருந்து வரும் வரிசை, வருகைப்பதிவு, பந்து எடுத்துவரப் போனவன் திரும்பும்வரை காத்திருப்பது, இரண்டு தலைவர்கள் மாறிமாறி ஆள் எடுப்பது (கடைசியாக எடுக்கப்படுகிறவன் முகத்தைப் பார்த்தவர்கள் இந்த முறையை அடுத்த நாளே விட்டுவிடுவார்கள்). நீளம் தாண்டுதல் என்று ஒரு குழியை வைத்துக்கொண்டு நாற்பது பேரை நிறுத்தினால் ஆளுக்கு இரண்டு தாண்டல் கிடைக்கும். தாண்டும் நேரம் ஐந்து நொடி. வரிசை பார்க்க அழகாக இருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிக்குப் பிடிக்கும்.

அடுத்தது ‘அவுட்’. நம் ஆட்டங்களில் பாதி, சரியாக ஆடத் தெரியாதவனை முதலில் வெளியே அனுப்புகிற ஆட்டங்கள். யாருக்கு அதிகம் ஓட வேண்டியிருக்கிறதோ அவன் முதலில் உட்காருகிறான். ஏற்கெனவே நன்றாக ஓடுகிறவன் கடைசிவரை ஓடுகிறான். கபடியில் இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. நம் அணி ஒருவரைத் தொட்டாலோ பிடித்தாலோ வெளியே போனவர்களில் ஒருவருக்கு உயிர் வரும், வெளியே போன வரிசைப்படியே உள்ளே வரலாம். அருமையான விதி. ஆனாலும் வகுப்பில் ஆடும்போது தொடைநடுங்கிப் பையன் உள்ளே வந்த அடுத்த ரெய்டிலேயே மறுபடி வெளியே போய்விடுவான்.

அதனால் நான் விதியைக் கெடுத்தேன். போட்டிக் களம் என்றால் 13 மீட்டருக்கு 10 மீட்டர், பக்கத்துக்கு ஏழு பேர். நான் அந்த இடத்தைக் குச்சியால் கீறி சின்னச் சின்னக் களங்களாக்கி, பக்கத்துக்கு நான்கு ஐந்து பேராக நிறுத்தினேன். தொடப்பட்டவன் வெளியே போவதில்லை, தொட்டவன் அணியில் சேர்ந்துகொள்வான். முதல் வாரம் முழுக்க முணுமுணுப்பு. “இது என்ன சார் கபடி? யார் ஜெயிச்சாங்கன்னே தெரியல!” என்று நன்றாக ஆடுகிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மூன்றாம் வாரத்தில் மரத்தடியில் நிழல் மட்டும் இருந்தது. ஜெயித்தது யார் என்று தெரிந்தே ஆக வேண்டியவர்களுக்குச் சாயங்காலம் முழு விதியோடு ஆட்டம் வைத்தேன். அது அவர்கள் உரிமை.

வளையப்பந்தை நம் பள்ளிகள் மதிப்பதே இல்லை என்பது எனக்கு ஒரு குறை. ஒரு ரப்பர் வளையம், நடுவே ஒரு வலை, அது இல்லாவிட்டால் ஒரு கயிறு. ஒரு கையால் பிடித்து, பிடித்த கையாலேயே எறிய வேண்டும். பந்து முகத்தில் அடிக்குமோ என்று கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளைகூட வளையத்துக்குப் பயப்படுவதில்லை. ஒல்லியானவரும் குண்டானவரும் சமமாக ஆடலாம். அதுபோலத்தான் தஞ்சாவூரில் பிறந்த பூப்பந்தும். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த அந்த ஆட்டத்தை இன்று கிரிக்கெட் மட்டை விரட்டிவிட்டது. கிரிக்கெட்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை, ஆனால் இருபத்திரண்டு பேரில் பதினெட்டுப் பேர் நின்றுகொண்டே இருக்கும் ஆட்டத்துக்கு நாற்பது நிமிட பீரியடில் நான் இடம் கொடுப்பதில்லை.

சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் வழியாகத்தான் நம் பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு டிரில் மாஸ்டர்கள். இன்றும் ஊரில் பெரியவர்கள் என்னை “டிரில் வாத்தியாரே” என்றுதான் கூப்பிடுகிறார்கள். டிரில்லுக்கு ஒரு நன்மை உண்டு, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அசைவார்கள். ஆனால் டிரில் மாஸ்டர் காலத்தின் ஒரு மிச்சத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தாமதமாக வந்தவனை “நாலு ரவுண்டு ஓடு” என்பது. ஓட்டத்தைத் தண்டனையாகக் கற்றுக்கொண்ட பையன் பள்ளியை விட்டுப் போன பிறகு ஒரு நாளும் தானாக ஓட மாட்டான்.

ஓட்டத்தை அளக்க 600 மீட்டர் போதும். எங்கள் மைதானத்தில் அது நாலு சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். நேரத்தை நோட்டில் எழுதுவேன், வகுப்பில் வாசிக்க மாட்டேன். ஜூனில் எடுத்த நேரமும் நவம்பரில் எடுத்த நேரமும் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்தால் போதும். வேகம் சரியா என்று பார்க்கப் பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லித் தந்திருக்கிறேன்: ஓடும்போது பக்கத்தில் வருகிறவனோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நின்றதும் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நாடியைப் பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்கச் சொல்வேன். சொந்த இதயத்தின் எண்ணிக்கையைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் மிரண்டுதான் போகிறது. கணக்கு டீச்சரிடம் பீரியடை இழப்பதற்கு இந்தப் பெருக்கலைச் சமாதானமாகச் சொல்லியிருக்கிறேன்.

வயதைப் பொறுத்த சிக்கல் ஒன்று உண்டு. போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிகின்றன. உடம்பு அப்படிப் பிரிவதில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதை ஒட்டியும் பையன்களுக்குப் பதினாலை ஒட்டியும் திடீர் வளர்ச்சி வரும். ஒரே வருடத்தில் எட்டொன்பது சென்டிமீட்டர் வளர்ந்துவிட்ட பையனுக்குத் தன் காலே அந்நியமாக இருக்கும். தடுக்கி விழுவான். முழங்கால் சிப்பிக்குக் கீழே வலிக்கிறது என்பான், தொட்டால் ஒரு புடைப்பு இருக்கும். எலும்பு வேகமாக வளரும்போது தசைநார் அது ஒட்டியிருக்கும் இடத்தை இழுப்பதால் வருவது அது. தாண்டலையும் குதியையும் குறைத்தால் பெரும்பாலும் வளர்ச்சி நிற்கும்போது போய்விடும். அந்த நேரத்தில் ‘நடிக்கிறான்’ என்று சொல்லி ஓட விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காலை வணக்கக் கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால் முதலில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புப் பெண் வீட்டில் தம்பிக்குச் சாப்பாடு கட்டிவிட்டு, தான் ஒரு டம்ளர் டீயோடு வந்திருப்பாள். அதோடு அசையாமல் விறைத்து நிற்கும்போது கெண்டைக்கால் தசை வேலை செய்யாமல் ரத்தம் காலிலேயே தங்கிவிடும், தலைக்குப் போவது குறையும். அதனால் எங்கள் கூட்டத்தில் ‘அட்டென்ஷன்’ என்பது தேசிய கீதத்துக்கும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் மட்டும். மற்ற நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். விழுந்தவரை உடனே நாற்காலியில் உட்காரவைப்பதுதான் ஊர் வழக்கம். அது தவறு. படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், சுற்றி நிற்கிறவர்களை விலக்க வேண்டும், முழு நினைவு வரும்வரை வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்புவரை ஓடுவார்கள். ஒன்பதில் திடீரென்று நிறுத்துவார்கள். சுடிதாரும் மேலே போட்ட ஓவர்கோட்டும் ஒரு காரணம், மைதானத்தை எட்டிப் பார்க்கிற ரோடு இன்னொரு காரணம். “வயிறு வலி சார்” என்று சொன்னால் நான் கேள்வி கேட்பதில்லை. ஆனால் சும்மா உட்காரவும் சொல்வதில்லை. ஸ்டாப்வாட்ச், ஸ்கோர், நடுவர் விசில், மைதானத்தைச் சுற்றி மெதுநடை, எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். மெதுவாக நடந்தால் பலருக்கு அந்த வலி குறையும் என்பதைப் பெண் ஆசிரியர் ஒருவரைவிட்டுச் சொல்லச் சொன்னேன். ஆண் வாத்தியார் சொன்னால் காதில் ஏறாத விஷயங்கள் சில உண்டு.

வேறு ஒரு ரகமும் உண்டு. இரண்டு சுற்றிலேயே மூச்சு வாங்கும், சோம்பேறி என்று பெயர் வாங்கிவிட்ட பெண். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு இருக்காது, வெளுத்திருக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பையன்களிலும் 31 சதவீதம். ஆக என் மரத்தடிக் கூட்டத்தில் பலர் விருப்பமில்லாமல் அல்ல, ரத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளியில் வாரத்துக்கு ஒரு நாள் தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை அதற்குத்தான். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் அதில் உண்டு. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியவர்கள் அடுத்த வாரம் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருந்து ஜன்னல் வழியாகத் துப்புவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மறுநாள் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையை ஒட்டி டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும், எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் கூடும். இதையெல்லாம் அறிவியல் டீச்சர் சொல்லலாம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து 600 மீட்டர் நேரத்தில் அதன் விளைவைப் பார்க்கிறவன் நான்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எங்கள் மாவட்டக்காரர்களுக்குத் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு பீரியட் விழுந்தால் மைதானத்துக்குப் போவதில்லை. வராந்தாவில் கயிறு தாண்டல், தரையில் தண்டால். தலைசுற்றி உளறத் தொடங்கிய பிள்ளையை நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரால் உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108க்குச் சொல்ல வேண்டும் என்பதை வகுப்புத் தலைவர்கள் எல்லோருக்கும் பழக்கியிருக்கிறேன். நான் அந்தப் பக்கம் இல்லாத நேரமும் வரும்.

உயர்நிலைப் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்க ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை ஒதுக்கலாம் என்கிறது சமக்ர சிக்ஷா. பணம் வந்ததும் ஆசிரியர் அறையில் ஆளுக்கு ஒரு யோசனை. கிரிக்கெட் கிட், கேரம் போர்டு, வாலிபால் கம்பம். நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் தாண்டும் கயிறு ஐம்பது, ரப்பர் வளையம் முப்பது, சின்ன ரப்பர் பந்து நாற்பது. “ஒரே பொருளை ஐம்பது எதுக்கு சார் வாங்கறீங்க, நாலு வாங்கினா மாத்தி மாத்தி ஆடிக்க மாட்டாங்களா?” என்று கேட்டார் எழுத்தர். மாற்றி மாற்றி ஆடுவதுதான் வரிசை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.