யாரோ ஒருத்தியின் பார்சல்

பார்சல் பொய்யா மெய்யா என்பது கவுன்டரில் இருப்பவரின் கைக்குத்தான் முதலில் தெரியும். பெட்டியை வாங்கி, லேசாகச் சாய்த்து, தராசில் வைப்பதற்குள் அந்தக் கை எடையை ஊகித்திருக்கும். உள்ளே இருப்பது ஆடுகிறதா, ஒரு பக்கமாக இழுக்கிறதா என்றும் பார்த்திருக்கும். செங்கல் துண்டையும் பழைய பேப்பரையும் திணித்துக் கொண்டுபோன பெட்டி அங்கே தேறாது. யாரும் யாருக்கும் அனுப்பாத ஒரு பொருள் தன் முன்னால் வந்திருக்கிறது என்று நாளெல்லாம் பார்சல் வாங்குகிறவருக்குப் பொறிதட்டிவிட்டால், அதன் பிறகு கிடைக்கும் புன்சிரிப்பும் கவனிப்பும் சோதிக்க வந்தவளுக்கான உபசாரம். சாதாரண வாடிக்கையாளருக்கு அங்கே என்ன நடக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். அறிக்கை எழுதி என்ன பயன்?

நான் செய்வது மிஸ்டரி ஷாப்பிங். தன் கிளைகளில் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நிறுவனம் ஏஜென்சி ஒன்றை அமர்த்தும். ஏஜென்சி எங்களை அனுப்பும். நாங்கள் யாரென்று சொல்லாமல் போய், வாங்கி, கேட்டு, கவனித்து, வீட்டுக்கு வந்து எழுதித் தருவோம். ஓட்டல், துணிக்கடை, வங்கி, பெட்ரோல் பங்க் என்று எல்லாவற்றுக்கும் இது உண்டு. எனக்குப் பிடித்தது கூரியர் வேலை. மற்றதற்கெல்லாம் போய் நின்றால் போதும். இதற்கு முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து கையால் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருப்பவளுக்குச் சாமானுக்குப் பஞ்சமில்லை. ரிச்சி தெருவில் சாயங்காலம் கடை ஓரங்களில் காலிப் பெட்டிகள் குவிந்து கிடக்கும். கீபோர்டு வந்த நீளப் பெட்டி, சார்ஜர் வந்த குட்டிப் பெட்டி, மானிட்டர் வந்த பெரிய பெட்டி. கூவத்துக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டைக்குப் போனால் வண்டி பாகங்கள் வந்த தடித்த அட்டைப் பெட்டி கிடைக்கும். ஏறி நின்றாலும் அமுங்காது. பழைய அட்டை வாங்கி விற்கும் பாய், நான் போனதும் என் அளவுப் பெட்டிகளைத் தனியாக எடுத்துப்போடுவார். மீன் மார்க்கெட் தெர்மோகோல் பெட்டியை மட்டும் தொடவே கூடாது. எத்தனை கழுவினாலும், மூன்றாம் நாள் மதுரையிலோ நாக்பூரிலோ பெட்டியைத் திறக்கிறவர் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

ரிச்சி தெருப் பெட்டியை அப்படியே அனுப்ப முடியாது. மேலே ஹெட்போன் படம் இருந்தால் வழியில் யாருக்கு ஆசை வருமோ? பக்கவாட்டில் பசை ஒட்டிய ஓரத்தைக் கத்தியால் மெல்லப் பிரித்து, பெட்டியை மல்லாத்தி, உட்புறத்தை வெளியே திருப்பி மறுபடி ஒட்டிவிடுவேன். படமில்லாத பழுப்புப் பெட்டி வந்துவிடும். பழைய பார்கோடு ஸ்டிக்கர் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பிரிக்கும் இடத்தில் கருவி பழைய கோட்டைப் படித்துவிட்டால் பெட்டி எங்கேயோ போகும். பழி கூரியர்காரர்மேல் விழும். அது அவர் தப்பில்லையே.

இந்தப் பேட்டையே துணி அனுப்புவதற்காக உண்டான ஊர். 1734இல், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த இடத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரும் துணியை மாதிரித் துண்டோடு வைத்துப் பார்த்து, தரம் பிரித்து, அதன் பிறகுதான் பொதி கட்டிக் கப்பலேற்றுவது வழக்கம். தன் துணி சோதிக்கப்படுகிறது என்று அந்த நெசவாளிக்குத் தெரியும். பேசவும் முறையிடவும் அவனுக்கு எதிரே ஓர் ஆள் இருந்தார். நான் சோதிக்கும் பையனுக்கு நான் யாரென்றே தெரியாது. அதனால் நியாயமாக நடக்க வேண்டிய பொறுப்பு முழுக்க என் பக்கம்தான். அந்தப் பொறுப்பு பெட்டி கட்டும்போதே ஆரம்பமாகிவிடுகிறது.

இதில் நான் ஒப்புக்கொள்ளாத வகை ஒன்று உண்டு: ஆளைப் பிடிக்கக் கண்ணி வைப்பது. நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் பல ஆண்டுகள் தபால் இலாகா அதிகாரியாக இருந்தவர். அயர்லாந்தில் கடிதத்தில் வைத்த பணம் காணாமல் போகிறது என்று புகார் வந்தபோது, தங்க நாணயம் ஒன்றில் கத்தியால் அடையாளம் கீறி, கடிதத்துக்குள் வைத்து அவரே அனுப்பினார். நாணயம் டிராலி தபால் நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் கிடைத்தது. 1849இல் வழக்கு நடந்தது. குறுக்கு விசாரணையில் வக்கீல் ஐசக் பட்டும் டிரோலப்பும் வார்த்தைக்கு வார்த்தை மோதிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குத் தண்டனை வாங்கித் தர முடியவில்லை. திருட்டைக் கண்டுபிடிக்க அந்த வழி வேண்டியிருக்கலாம். அது போலீஸ் வேலை. பெட்டிக்குள் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்து அனுப்பச் சொன்னால் நான் மாட்டேன்.

நான் மதிக்கிற சோதனை வேறு மாதிரி. ஐரோப்பியத் தபால் துறைகளுக்காக இன்டர்நேஷனல் போஸ்ட் கார்ப்பரேஷன் 1994 முதல் நடத்திவரும் யுனெக்ஸ் என்ற அளவீட்டில், சாதாரண ஜனங்களே ஒருவருக்கொருவர் சோதனைக் கடிதங்களை அனுப்புகிறார்கள். சில உறைகளுக்குள் ரேடியோ சில்லு இருக்கும். கடிதம் எந்த நிலையத்தை எப்போது தாண்டியது என்று அது சொல்லிவிடும். உறையைப் பார்த்தால் மற்ற கடிதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியக் கூடாது என்பதுதான் அங்கே பாலபாடம். ஆளைப் பார்க்காமல் வழியைப் பார்க்கும் சோதனை அது. நம் தபால் துறையிலும் சிவப்புப் பெட்டியை நேரத்துக்கு எடுக்கிறார்களா என்று பார்க்க இன்ஸ்பெக்டர்கள் சோதனைக் கடிதம் போடுவது பழைய பழக்கம்.

இனி எடை. கூரியர் வேலையில் பாதி தராசில்தான் இருக்கிறது. கட்டணம் படிப்படியாக ஏறுவதால், எந்தப் படிக்கு எந்தப் பக்கம் பெட்டி நிற்கிறது என்பதை நான் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். விரைவுத் தபாலில் 2025 அக்டோபர் முதல் படிகள் 50, 250, 500 கிராம் என்று மாறின. அதற்கு முன் நடுவில் இருந்த எல்லை 200. பழைய கணக்கை நம்பி 210 கிராமில் கட்டி வைத்த உறைக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. எல்லையை ஒட்டி 251 கிராமில் கொண்டுபோய் வைப்பதும் அழுகுணி ஆட்டம்தான். என் சமையலறைத் தராசும் அவர் தராசும் இரண்டு மூன்று கிராம் முன்னே பின்னே காட்டும். இருபது கிராமாவது தள்ளி நிற்பது நியாயம். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கொஞ்சம் இடம் விடுவேன். அட்டை ஈரம் குடிக்கும். ராத்திரி கட்டியது காலையில் கனத்திருக்கும்.

அளவும் இப்படித்தான். தனியார் கூரியர்கள் பலர் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதை எடையாக எடுத்துக்கொள்வார்கள். 30, 25, 20 அளவுள்ள பெட்டி என்றால் 15,000. வகுத்தால் மூன்று கிலோ. உள்ளே இருப்பது ஒரு கிலோ முறுக்குதான், ஆனால் காசு மூன்று கிலோவுக்கு. அதை பில் போடுவதற்கு முன் சொல்கிறாரா, போட்டபின் சொல்கிறாரா, சொல்லவே இல்லையா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி எழுவதற்கே பெட்டி பெரிதாகவும் உள்ளே இருப்பது லேசாகவும் இருந்தாக வேண்டும். முறுக்கு, அப்பளம், வடகம்: இவற்றைத் தோற்கடிக்க வேறு பண்டம் இல்லை.

நான் ரசித்துச் செய்வது உடையும் பொருள் வேலை. நவராத்திரிக்கு முன்னால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகள் வந்து இறங்கும். வெளியூரில் இருக்கும் உறவுக்கு ஒரு பொம்மை அனுப்புவது சென்னையில் யார் வீட்டிலும் நடக்கிற சங்கதி. கவுன்டரில் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். மண் பொம்மைக்குக் கழுத்தும், தூக்கிய கையும், கையில் பிடித்த வீணையின் நுனியும்தான் உயிர்நிலை. முதலில் அந்த இடங்களில் மெல்லிய தாளைக் கசக்கிச் சுற்றி, பள்ளங்களை நிரப்பி, உருவமே தெரியாத உருண்டையாக்க வேண்டும். அதற்கு மேல் பபிள் ஷீட், குமிழ் உள்பக்கம் பார்த்து. பிறகு பொம்மைக்கு அளவான ஒரு பெட்டி; அந்தப் பெட்டியை வைக்க இன்னொரு பெட்டி; இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் நாலு விரல்கடை இடம், அதில் கிழித்த தாள். மூடியபின் பெட்டியைக் காதோரம் ஆட்டினால் சத்தமே வரக் கூடாது.

கட்டிய விதம் தாங்குமா என்று பார்க்க, தலையில் விரிசல் விட்ட மூளி பொம்மை ஒன்றைக் கடைக்காரரிடம் சொற்ப விலைக்கு வாங்கி, அதே மாதிரி கட்டிக் கீழே போட்டுப் பார்ப்பேன். இஸ்டா என்ற சர்வதேச அமைப்பு இதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறது. பத்து கிலோவுக்கு உட்பட்ட சிறிய பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து தரம் போட வேண்டும்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் உயரமும் கிட்டத்தட்ட அதுதான். கீழ்வீட்டு மாமி ஊருக்குப் போன நாளாகப் பார்த்துச் செய்துவிடுவது.

இங்கேதான் ஒரு சிக்கல். மோசமாகக் கட்டினால் உடைந்ததற்குக் காரணம் நான். இரும்புக்கோட்டை மாதிரி கட்டினால், எவ்வளவு தூக்கிப் போட்டாலும் உடையாது. அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதே தெரியாது. அக்கறையுள்ள ஒரு குடும்பத்துப் பெண்மணி எப்படிக் கட்டுவாளோ அப்படிக் கட்டு என்று ஏஜென்சி சொல்லும். அந்தப் பெண்மணியைத் தேடுவதுதான் என் வேலை என்று சில சமயம் தோன்றும். உள்ளே நான் குறை வைப்பதில்லை. பொம்மை போய்ச் சேர வேண்டும். வெளியேதான் அவளாகிவிடுவேன். டேப்பை நேர்கோட்டில் ஒட்டும் கை எனக்கு. கொஞ்சம் கோணலாக ஒட்டப் பழகிக்கொண்டேன். அச்சடித்த முகவரி கூடாது. வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பெறுநர், அனுப்புநர், கைபேசி எண், கீழே பெரிதாகப் பின்கோடு. அந்த ஆறு இலக்கம் மட்டும் கோணக் கூடாது. 1972 ஆகஸ்ட் 15 முதல் இந்த நாட்டில் தபால் ஓடுவதே அதை வைத்துத்தான்.

கவுன்டரில் கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் இருக்க வேண்டும் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். "உள்ள என்னக்கா இருக்கு?" என்று அந்தப் பையன் கேட்டால், "கொலு பொம்மை, என் நாத்தனாருக்கு" என்று சொல்லும்போது குரல் பிசகாது. பொய் சொன்னால் எனக்குக் கை நடுங்கும். கேட்காமலே வாங்கிக்கொண்டால் அதையும் எழுத வேண்டியிருக்கும். கேட்கிறாரா என்று பார்ப்பதற்காக சென்ட் பாட்டிலையோ பவர் பேங்கையோ உள்ளே வைப்பது பைத்தியக்காரத்தனம். விமானத்தில் ஏறும் பெட்டி அது. வெள்ளைப் பொடி எதுவும் அனுப்புவதில்லை. பருப்புப் பொடியைக்கூட லேபிள் ஒட்டிய பாட்டிலில்தான்.

பெறுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முன்பெல்லாம் எதிர்பாராத பார்சல் என்றால் சந்தோஷம். இப்போது, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள் என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் வந்த பிறகு, தெரியாத பெட்டியைப் பார்த்தாலே வயதானவர்களுக்குப் படபடப்பு. இந்தத் தொழிலின் பேரைச் சொல்லியும் ஏமாற்றுகிறார்கள்: மிஸ்டரி ஷாப்பராகச் சேர முன்பணம் கட்டு, எங்கள் செக்கை வங்கியில் போட்டு அந்தப் பணத்துக்கு கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பு என்பார்கள். நமக்குக் கூலி தர வேண்டியவர் நம்மிடமே பணம் கேட்டால் போனை வைத்துவிட வேண்டியதுதான்.

கோவில்பட்டி நாத்தனார் இதில் கைதேர்ந்தவள். பெட்டி வந்ததும் பிரிக்காமல் ஆறு பக்கமும் படம் எடுப்பாள். வந்த நேரம், ஓடிபி கேட்டாரா, கையில் கொடுத்தாரா, பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனாரா, எல்லாம் குரல் செய்தியில் வந்துவிடும். அதன் பிறகுதான் கத்தரிக்கோல். போன நவராத்திரிக்கு அனுப்பிய சரஸ்வதி வீணை நுனி உட்பட முழுசாகப் போய்ச் சேர்ந்தாள், அறிக்கையும் போய்விட்டது. பெட்டி வீணாகக் கூடாது என்று அதிலேயே கடலைமிட்டாயை நிரப்பித் திருப்பி அனுப்பியிருந்தாள். அந்தக் கூரியர் செலவை ஏஜென்சி தராது. போனில் கூப்பிட்டுக் கேட்கிறாள்: "அண்ணி, இந்த வடகம், அப்பளமெல்லாம் ஒரு கிலோவோட நிறுத்திடறீங்களே, அஞ்சு கிலோ டெஸ்ட்டுன்னு ஒண்ணும் வர்றதில்லையா?"