விசையின் எடை

பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய இலக்கின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். அதைத் தவறவிட விரலின் ஒரு நடுக்கம் போதும்.

பல்கலைக்கழக அணியிலிருந்த இயற்பியல் ஆய்வு மாணவர் ஒருவருக்குக் கிடைத்ததோ பழைய துப்பாக்கி. அதன் விசை முதலில் தயங்கும். பிறகு சட்டென்று விடுபடும். (இழுக்கும் உறுப்புக்கும் இழுக்கும் ஆற்றலுக்கும் தமிழில் ஒரே சொல்!) நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர், அதைத் தம் சுட்டுவிரலில் கண்டார்.

பொறுப்பாளரின் ஒப்புதலோடு, குண்டில்லை என்பதை இருமுறை உறுதிசெய்து, துப்பாக்கியை நிமிர்த்தி, விசையில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுச் சிறிது சிறிதாக நீர் ஊற்றினார். 380 கிராமில் விடுபட்டது.

உப்புத்தாளால் தேய்த்துவிடலாம் என்றார் நண்பர். தாளும் கையில் இருந்தது. ஆனால், விசையைப் பற்றி நிறுத்தும் எஃகு விளிம்பில் கடினமாக்கப்பட்ட படலம் மிக மெல்லியது. அது தேய்ந்தால் உள்ளிருக்கும் மென்மையான உலோகம் விரைவில் மழுங்கும். பிறகு ஒரு தட்டலிலேயே குண்டு பாயக்கூடும். பக்கத்து வரிசையில் சுடுபவர்களில் முதலாண்டு மாணவியரும் உண்டு.

தாளை மடித்து வைத்தார். இறுகிப்போயிருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மாலிப்டினம் கிரீஸை நூலளவு தடவினார். அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் பலமுறை தட்டியும் விசை விடுபடவில்லை. அதன் பின்னரே மீண்டும் பாட்டில்: 240 கிராம்.

அந்த வாரம் அவருடைய புள்ளிகள் உயரவில்லை. விரல் இன்னும் பழைய 380 கிராமையே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.