ஓர் எழுத்து கூடினால்

கொட்டகலையில் மழை விடாத ஒரு மாலை. மகன் கணினியில் 'ஏலியன்ஸ்: கொலோனியல் மரீன்ஸ்' என்ற சுடும் விளையாட்டைத் திறந்து வைத்திருந்தான். 1979இல் ரிட்லி ஸ்கொட் தொடங்கி வைத்த 'ஏலியன்' திரைப்பட வரிசையைத் தழுவி கியர்பொக்ஸ் நிறுவனம் ஆக்கியது. 2013இல் சேகா வெளியிட்டது. வேற்றுலக ஜந்துக்கள் பதுங்கத் தெரியாமல் நேரே ஓடிவந்து குண்டுக்கு இரையாகும். விமர்சகர்கள் கிழித்தெறிந்தார்கள்.

அதற்கான காரணங்களில் ஒன்று 2018இல்தான் பரவலாகத் தெரியவந்தது. ஜந்து எந்த இடத்தைப் பற்றிக்கொண்டு தாக்க வேண்டும் என்று கட்டிவைக்கும் கட்டளைக்கு 'டெதர்' என்று பெயர். அந்த ஆங்கிலச் சொல்லில் யாரோ ஓர் 'ஏ'யைக் கூடுதலாகத் தட்டிவிட்டிருந்தார்கள்! ரசிகர் ஒருவர் கண்டுபிடித்தார். அமைப்புக் கோப்பில் அதை நீக்கியதும் ஜந்துக்களுக்குச் சாமர்த்தியம் வந்துவிட்டது.

முப்பது வருடம் அச்சுப்பிழையோடு மல்லுக்கட்டியவனுக்கு இதைக் கேட்டுச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பா முத்தையாவின் பெயரிலும் அப்படி ஓர் ஆங்கில 'ஏ' கூடுதலாக விழுந்திருந்தது. பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, தோட்டத்துச் செக்ரோலில் வேறொன்று. அதற்காகவே அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. சத்தியக் கடதாசி முடிக்க ஒருநாள் பேரை இழந்து ஹட்டனுக்கு ரயிலேறுவார். திரும்பும்போது இருட்டிவிடும். லயத்து வாசலில் அம்மா எதுவும் கேட்கமாட்டார்.

மகன் அந்த எழுத்தை அழித்துக் கோப்பைச் சேமித்தான். இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

"இப்பப் பாருங்கப்பா" என்றான்.