ஆறு வருஷ தலைநகரம்... அரை நாள் டூர்!

'தமிழ்நாட்டோட தலைநகரம் எது?'னு கேட்டா எல்.கே.ஜி. பாப்பாகூட 'சென்னை'னு சொல்லிடும். 'சரி, மெட்ராஸ் கையை விட்டுப் போனப்போ இங்கிலீஷ்காரங்களுக்கு எந்த ஊர் தலைநகரமா இருந்துச்சு?'னு உங்க கிளாஸ்ல ஒரு பிட்டைப் போட்டுப் பாருங்க. லாஸ்ட் பெஞ்ச் மட்டுமில்ல, ஃபர்ஸ்ட் பெஞ்சும் பேந்தப் பேந்த முழிக்கும்!

விடை, நம்ம கடலூர்!

ஆமாங்க... சென்னையில இருந்து சிதம்பரத்துக்குப் படிக்கப் போற மக்கள் ஜன்னல் சீட்ல வாயைப் பொளந்து தூங்கிக்கிட்டே தாண்டிப் போற அதே கடலூர்தான். 1746-ல ஆரம்பிச்சு 1752 வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தென்னிந்தியாவுல ஹெட் ஆபீஸ் இதுதான். டெல்லி, ஆக்ரானு டூர் பட்ஜெட் போடுறதுக்கு முன்னாடி, ஒரு சனிக்கிழமையை இந்த 'எக்ஸ்' தலைநகரத்துக்கு ஒதுக்குங்க. டவுன் பஸ் காசும் டீ காசும் இருந்தா போதும்!

பீரங்கி போட்ட பார்டர்

மேட்டர் 1690-ல தொடங்குது. தேவனாம்பட்டினத்துல இருந்த கோட்டையை, செஞ்சியை ஆண்ட மராத்தியர்கள்கிட்ட இருந்து கம்பெனி விலைக்கு வாங்குச்சு. அப்ப மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவுல இருக்கிற யேல் யுனிவர்சிட்டிக்குப் பேர் கொடுத்த அதே மனுஷர்தான்!

டீல்ல ஒரு சுவாரஸ்யமான கண்டிஷன். 'கோட்டையில இருந்து பீரங்கியால சுடுவோம். குண்டு போய் விழற தூரம் வரைக்கும் இருக்கிற கிராமமெல்லாம் எங்களுக்கு!' சர்வேயர் இல்லை, சங்கிலி இல்லை, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் இல்லை. சிவில் டிபார்ட்மென்ட் மக்களே, உங்க தியோடலைட்டை ஓரமா வைங்க. அன்னிக்கு நிலத்தை அளந்தது வெடிமருந்துதான். அப்படிச் சிக்கின ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்'னு பேர் விழுந்துச்சு. கடலூர்ல குண்டு உப்பலவாடினு ஊர்ப் பேரைப் பார்த்தா, 'யாரோ குண்டா இருந்திருப்பாங்க போல'னு ஜோக் அடிக்காதீங்க. அது முந்நூறு வருஷத்துக்கும் மேல பழைய பீரங்கிச் சத்தம்!

வாங்கின கோட்டைக்கு செயின்ட் டேவிட்னு பேர் நிலைச்சுது. 1746-ல பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சதும், தலைநகரம் இங்கே ஷிஃப்ட் ஆச்சு. எதிரியோட தலைநகரமான புதுச்சேரி எவ்வளவு தூரம்? இருபது கிலோமீட்டர் சொச்சம்! நம்ம ஹாஸ்டல்ல ரெண்டு பிளாக்குக்கு நடுவுல நடக்கிற சண்டை மாதிரி நெனச்சுக்கோங்க. கையில பீரங்கி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். டூப்ளே திரும்பத் திரும்ப முட்டிப் பார்த்தும் கோட்டை விழலை.

மெட்ராஸ்ல கைதியா இருந்து மாறுவேஷத்துல இந்தக் கோட்டைக்குத் தப்பி வந்தவங்கள்ல ஒரு குட்டி கிளார்க்கும் உண்டு. வயசு இருபதைத் தாண்டி இருபத்தொண்ணு. பேர் ராபர்ட் கிளைவ்! பத்து வருஷம் கழிச்சு, 1756-ல இதே கோட்டைக்கு அவர்தான் கவர்னர். அடுத்த வருஷம் பிளாசி யுத்தம். மிச்சத்தை ஸ்கூல்லயே படிச்சு மார்க் வாங்கிட்டீங்க.

ஸ்பாட் 1: தேவனாம்பட்டினம்

கடலூர் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி, கெடிலம் பாலத்தைத் தாண்டி மஞ்சக்குப்பம் வழியா பீச் ரோட்டைப் பிடிங்க. பெரியார் கலைக் கல்லூரி வந்தாச்சுன்னா கடல் காத்து மூஞ்சில அடிக்கும். சில்வர் பீச்ல சுண்டல், பலூன், பட்டம்னு சாயங்காலமானா திருவிழாதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில அடி வாங்கின மீனவ ஊர் இது. இன்னிக்கும் விடியக்காலையில படகு கடலுக்குப் போயிட்டுதான் இருக்கு.

கோட்டை? கெடிலம் கடல்ல கலக்குற இடத்துக்குப் பக்கத்துல தேடுங்க. செங்கோட்டை ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணிக்கிட்டுப் போகாதீங்க. இடிஞ்ச செங்கல் சுவர், முள்ளுச் செடி... மிச்சம் இருக்கிறது இவ்வளவுதான். 1758-ல லாலிங்கிற பிரெஞ்சுத் தளபதி கோட்டையைப் பிடிச்சு, இன்னொரு தடவை எழுந்திருக்கவே கூடாதுங்கிற மாதிரி இடிச்சுத் தள்ளிட்டார்.

ஒரு சாம்ராஜ்யம் கால் ஊன்றின இடத்துல இன்னிக்குத் தைரியமா கால் வைக்கக்கூட முடியலை. முள்ளு குத்துது! பக்கத்திலேயே காலேஜ். தினமும் எத்தனையோ பேர் இதே ரோட்டுல போறாங்க, வர்றாங்க. ஹிஸ்டரி டிபார்ட்மென்ட், என்.எஸ்.எஸ். மக்களே... கேம்ப்புக்கு இடம் தேடுறீங்களா?

ஸ்பாட் 2: தெருப் பெயர்ப் பலகைகள்

சிரிக்காதீங்க, சீரியஸாதான் சொல்றேன். கடலூர்ல மியூசியம் மாதிரி பார்க்க வேண்டியது தெருப் பெயர்களைத்தான். லாரன்ஸ் ரோடு, இம்பீரியல் ரோடு, நேப்பியர் ரோடு, கிளைவ் தெரு, வெலிங்டன் தெரு... லாரன்ஸ் யாரு தெரியுமா? 1748-ல இங்கே வந்து இறங்கி, கம்பெனியோட சிப்பாய்ப் படைக்கு டிரில் சொல்லிக் கொடுத்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ். அவரை 'இந்திய ராணுவத்தின் தந்தை'னு வெள்ளைக்காரங்க எழுதி வெச்சிருக்காங்க. இன்னிக்கு அவர் பேர்ல இருக்கிற ரோட்டுலதான் நாம செருப்பு வாங்குறோம்!

கிளைவ் தங்கின கார்டன் ஹவுஸ் மஞ்சக்குப்பத்துல இருக்கு. மரமும் இல்லாம, இரும்பும் இல்லாம, செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும் வெச்சுக் கட்டின கூரைன்னு சொல்றாங்க. சிமென்ட் மூட்டையே பார்க்காத கொத்தனார்களுக்கு ஒரு சல்யூட்!

அதே ஊர்ல இன்னொரு கட்டடம், கேப்பர் மலை மத்திய சிறை. புதுச்சேரியில இருந்து வெளியே வந்த பாரதியாரை 1918 நவம்பர்ல பிடிச்சு அடைச்சது கடலூர் சிறையிலதான். கிளைவுக்குத் தோட்ட வீடு, பாரதிக்கு ஜெயில். ரெண்டையும் ஒரே நாள்ல பார்த்தா, பாடப் புத்தகத்துல படிச்ச 'காலனி ஆதிக்கம்' சட்டுனு புரிஞ்சிடும்.

பஸ் ஏறுறதுக்கு முன்னாடி திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. அப்பரைக் கல்லுல கட்டிக் கடல்ல போட்டப்போ, அந்தக் கல்லே தெப்பமா மிதந்து இங்கே கரை சேர்ந்துச்சுனு வரலாறு சொல்லுவாங்க. அதுக்கு சாட்சியா 'கரையேறவிட்ட குப்பம்'னு ஒரு ஊரே இருக்கு. பேர்லயே கதை வெச்சிருக்கிற ஊர் சார் இது!

ஸ்பாட் 3: சிதம்பரம்

கடலூர்ல இருந்து சுமார் 45 கிலோமீட்டர். வழியில பு.முட்லூர் கிட்ட இடது பக்கம் திரும்பினா பரங்கிப்பேட்டை. நேரம் இருந்தா எட்டிப் பாருங்க. 1830-ல ஹீத்ங்கிற வெள்ளைக்காரர், சேலத்து இரும்புத் தாதுவையும் மரக்கரியையும் வெச்சு இரும்பு ஆலை நடத்தின ஊர் இது. மெக்கானிக்கல், மெட்டலர்ஜி மக்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

சிதம்பரத்துக்கும் 'தலைநகர' சங்கதி ஒண்ணு உண்டு. சோழர்கள் ஆட்சி பண்ணின ஊர் வேற. ஆனா, முடி சூட்டிக்கிட்ட ஊர்கள்ல தில்லையும் ஒண்ணு. பதவியேற்பு விழா மண்டபம்னு வெச்சுக்கங்களேன்! நடராஜர் கோயிலோட பொன்னம்பலக் கூரையில 21,600 தங்க ஓடுனு கணக்கு சொல்வாங்க. கால்குலேட்டரை எடுங்க. நிமிஷத்துக்கு 15 மூச்சு, 60 நிமிஷம், 24 மணி நேரம்... பெருக்குங்க. டேலி ஆகுதா? அப்படியே கிழக்குக் கோபுர வாசல்ல நின்னு ரெண்டு பக்கச் சுவரையும் பாருங்க. பரதத்தோட 108 கரணமும் கல்லுல ஆடிக்கிட்டு இருக்கும். வடக்குக் கோபுரத்துல கிருஷ்ணதேவராயர் கைகூப்பி நிக்கிறார்.

இப்ப கடலூரையும் சிதம்பரத்தையும் முடிச்சுப் போடுற மேட்டர். 1781-ல இந்தக் கோயிலே கோட்டையா இருந்துச்சு! உள்ளே ஹைதர் அலியோட படை. ஜூன் மாசம் ஜெனரல் அயர் கூட் தாக்கிப் பார்த்து, முடியாம திரும்பிப் போனார். ரெண்டே வாரத்துல, ஜூலை 1-ம் தேதி, பரங்கிப்பேட்டையில ரெண்டு பேருக்கும் பெரிய யுத்தம். அதுல கூட்தான் ஜெயிச்சார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. கோட்டையாவே கட்டின செயின்ட் டேவிட், எழுபது வருஷத்துக்குள்ள செங்கல் குவியல். கும்பிடக் கட்டி, கொஞ்ச நாள் கோட்டையா மாட்டிக்கிட்ட கோயில், இன்னிக்கும் ஹவுஸ்ஃபுல். கல்லோட ஸ்ட்ரென்த்னு மட்டும் சொல்லிட முடியாது பாஸ். தினமும் பெருக்க, விளக்கேத்த, திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஆள் இருந்தா கட்டடம் நிக்கும். 'நம்மளுது'னு சொல்ல யாருமே இல்லைன்னா, தலைநகரமா இருந்தாலும் முள்ளு மொளைச்சிடும்.

அடுத்த தடவை கடலூரைத் தாண்டும்போது தூங்காதீங்க. பக்கத்து சீட் ஃப்ரெண்டைத் தட்டி எழுப்பி, 'மச்சி, இது ஒரு காலத்துல தலைநகரம்டா!'னு சொல்லுங்க. நம்ப மாட்டான். இறக்கிக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க!

டூர் டிப்ஸ்

* கடலூரைக் காலையில முடிச்சிடுங்க. சிதம்பரம் கோயில்ல மதியம் நடை சாத்திடுவாங்க. சாயங்காலம் போறது பெஸ்ட்.
* கோட்டைப் பக்கம் ஷூ போட்டுப் போங்க. சுவர்ல 'ஐ லவ் யூ' எழுதுற பார்ட்டிகள் பஸ்லயே இருந்துக்கலாம்.
* சிதம்பரத்துல கத்திரிக்காய் கொத்சு சாப்பிடாம திரும்பினா டூர் செல்லாது!