கடல் தந்த அமானிதம்

நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் வகுப்பறையில் கற்பித்து வருகின்றோம். கடலும் கடல் சார்ந்த இடமும் ஏன் இரங்கலுக்கு உரியவையாயின என்று மாணவர் வினவும்போது, பிரிந்து சென்ற தலைவனையும் கரையில் காத்திருக்கும் தலைவியையும் காட்டி விடை கூறுவோம். அந்த இரங்கலுக்கு மற்றொரு பொருளும் உண்டென்று எங்களுக்கு உணர்த்தியது, மன்னார் வளைகுடாக் கரையில் மாணவர்களோடு கழித்த ஒரு நாள்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரை மென்மையான கரையன்று. பனையும் உடைமரமும் தவிர நிழல் தருவன அரிது. மண்டபம், பாம்பன் பகுதிகளில், பன்னெடுங்காலத்திற்கு முன் மடிந்த பவளங்கள் இறுகிப் பாறையாகி, முள்முள்ளாய் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெறுங்காலோடு நடப்போரின் உள்ளங்காலை அவை கிழித்துவிடும். ஆயினும் அக்கரடுமுரடான கரைக்கு அப்பால் இறைவன் படைத்து வைத்திருக்கும் எழில் அளவிடற்கரியது. அங்கிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் கோத்த மாலைபோல் கிடந்தன. அவற்றையும் சூழ்ந்த கடலையும் 1986ஆம் ஆண்டு அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது.

ஏர்வாடிக்கு அருகில் பிச்சைமூப்பன்வலசையிலிருந்து, அடித்தளத்தில் கண்ணாடி பதித்த படகில் புறப்பட்டோம். சிறிது தொலைவு சென்றதும் படகோட்டிய பெரியவர் வேகத்தைக் குறைத்து, "இனிக் கீழே பாருங்க சார், பாரு வந்திடுச்சு" என்றார். பவளத்திட்டை இப்பகுதி மீனவர் 'பார்' என்றே அழைக்கின்றனர். முத்துச்சிப்பி விளையும் இடம் முத்துப்பார். "ஐயா, பார் என்றால் உலகம் என்றும் பொருளுண்டே!" என்றான் மாணவன் ஒருவன். குனிந்து நோக்கினோம். அவன் கூற்று மெய்யாயிற்று.

மான்கொம்பு போல் கிளைத்தவை, தட்டுப்போல் விரிந்தவை, மனித மூளை போல் மடிப்பு விழுந்தவை எனப் பவளங்கள் பலவகை. அவற்றினூடே கிளிமீன்கள் கூட்டமாய்ப் பாய்ந்து மறைந்தன. கல்லெனக் காண்பது கல்லன்று. சிற்றுயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தமக்கெனக் கட்டிக்கொண்ட வீடு. உருண்டைப் பவளம் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். நீரின் வெப்பம் மிகுந்தால் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுத்துப்போகும். 2016ஆம் ஆண்டுக் கோடையில் இவ்வளைகுடாவின் பவளங்கள் அவ்வாறு பெருமளவில் வெளுத்தன.

பவளத்தைக் கடந்ததும் கடற்புல் வெளி தொடங்கிற்று. இது ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம். கடற்பசு என்று நூல்கள் கூறும் இவ்வுயிர், புல் மேய்ந்து, மேலே வந்து மூச்சுவிட்டு, ஈன்ற கன்றுக்குப் பால் ஊட்டி வாழ்வது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதனைக் காணும் பேறு எங்களுக்கு வாய்க்கவில்லை. "சின்ன வயசிலே கூட்டமாப் பார்த்திருக்கேன் சார். இப்ப எப்பவாச்சும் ஒண்ணு மூச்சுவிட மேலே வரும்" என்றார் பெரியவர். அதன் இறைச்சியை உண்ட தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை. 2022ஆம் ஆண்டு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது மனத்திற்கு ஆறுதல்.

கரை திரும்பும்போது எங்கள் உள்ளத்தில் நின்றது எம் உம்மாவின் தாயார் வாழ்ந்த பழைய வீடு. கடற்கரை ஊரொன்றில் இருந்த அவ்வீட்டின் சுவர்களில் பூச்சு உதிர்ந்த இடங்களிலெல்லாம் பூப்பூவாய்க் கோலங்கள் தெரியும். சிறு வயதில் அவற்றை விரலால் தடவி எண்ணி விளையாடியிருக்கிறோம். கொத்தனார் செதுக்கிய சித்திரம் என்றே நெடுநாள் நம்பியிருந்தோம். அன்று படகில் கண்ட அதே கோலங்கள்! அச்சுவர்கள் பவளத்தால் ஆனவை. பூசிய சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு நீற்றியதே. எம் பாட்டனாரின் தோணிகளும் அக்கல்லைச் சுமந்தவை என்று குடும்பத்தில் பெருமையாகப் பேசக் கேட்டிருக்கிறோம். வெயிலில் குளுமை தந்த வீடு என்று நாங்களும் பெருமை பேசியிருக்கிறோம்.

அப்பெருமைக்குக் கடல் கொடுத்த விலை பெரிது. கீழக்கரைக்கு அண்மையில் இருந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிப் பகுதியின் விலாங்குசல்லித் தீவும் நீருள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளம் வெட்டி எடுக்கப்பட்டதால், அலையைத் தடுக்கும் அரணின்றி அவை கரைந்தன என்று ஆய்வாளர் கூறுகின்றனர். 2001ஆம் ஆண்டுதான் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. முன்னோர் அறியாது செய்தனர். அவர்களைப் பழிக்க நாங்கள் துணியோம். அறிந்த பின்னும் வாளாவிருப்போமாயின் எம்மைக் காப்பார் யார்?

திருக்குர்ஆனின் 'அர்-ரஹ்மான்' அத்தியாயம் இரு கடல்களின் அருட்கொடைகளைக் கூறுமிடத்து முத்தையும் பவளத்தையும் சேர்த்தே குறிப்பிடுகின்றது. அருட்கொடை என்பது அமானிதம். பெற்றவர் அதனைக் குறையாது அடுத்தவரிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டவர். ஆகவே மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள்: பயணம் சென்றால் கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் நினைவுப் பொருளாக எடுத்து வாராதீர்கள். கரையூர்ப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: கடலைப் பற்றித் தாங்கள் அறிந்ததையும், அதிலிருந்து எடுத்ததையும் இளையோருக்கு மறைக்காமல் சொல்லி வையுங்கள்.

உம்மாவின் தாயார் வீடு இன்றும் நிற்கிறது. அடுத்த விடுமுறைக்குச் செல்கையில் அச்சுவரின் கோலங்களை எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டி, அவை சித்திரமல்ல, ஒரு காலத்தில் உயிர் வாழ்ந்த வீடுகள் என்று சொல்ல எண்ணியிருக்கிறோம். அவர்களுக்குக் காட்டக் கடலிலும் அவை எஞ்சியிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக!