மண்ணும் மணியும்

சிங்கப்பூரின் சிட்டி ஹால் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் மணிகளை ஆராயும்போது, அவற்றின் தேர்வில் ஓசையின் இனிமைக்கு இருந்த இடத்தைவிட, அடிப்பதன் நோக்கத்திற்கும் கட்டடத்தின் தாங்குதிறனுக்கும் இருந்த இடம் பெரிது என்பது புலப்படுகிறது. இங்கு முன்பிருந்த ஆலயத்திற்கு 1843இல், அமெரிக்கத் தூதரின் மனைவியும் பாஸ்டன் நகரத்து பால் ரெவியரின் மகளுமான மரியா ரெவியர் பாலஸ்டியர், தம் குடும்பத்து வார்ப்படச்சாலையின் மணியொன்றை அளித்து, நாள்தோறும் இரவு 8 மணிக்கு அதை ஊரடங்கு மணியாக அடிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஊரை எச்சரிக்க ஒற்றை மணி போதும், சுரப்பொருத்தம் வேண்டியதில்லை. அந்த மணி இப்போது தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்றைய பேராலயத்தை ரொனால்ட் மக்பெர்சனின் வரைபடப்படி, 1856 முதல் எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். சுவரின் வழவழப்பான பூச்சு, முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்தரைத்த சென்னைச் சுண்ணாம்பு. அடித்தளம் அமிழும் அறிகுறி தெரிந்ததால், கனத்த கோபுரம் கைவிடப்பட்டு, எடை குறைந்த கூர்முடி அமைந்தது. 1889இல் இங்கிலாந்தின் லஃப்பரோ நகரத்து ஜான் டெய்லர் நிறுவனத்திலிருந்து வந்த எட்டு மணிகள், சுழலாமல் நிலையாகத் தொங்கவிடப்பட்டன.

மணிக்கான வெண்கலம் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மிகுதியான செம்பும், எஞ்சிய பங்கு வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயம் கூடினால் ஒலி தெளியும், ஆனால் உலோகம் நொறுங்கும். ஒரே மணியில் ஒரே அடியில் பல சுரங்கள் எழுவதால், அவற்றை ஒன்றுக்கொன்று இசைவிக்க, மணியைக் கவிழ்த்துக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, உட்புறத்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டுகிறார்கள். சுரண்டினால் சுரம் பெரும்பாலும் இறங்கும், இறங்கியதை ஏற்றுவது அரிது. ஆகவே அளவு மீறாமல் நிறுத்தத் தெரிவதே இத்தொழிலாளியின் திறமை. டெய்லர் நிறுவனம் இந்த நுட்பத்தைச் செம்மைப்படுத்தியது 1896ஐ ஒட்டி என்பதால், சிங்கப்பூரின் எட்டு மணிகள் அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவை.

2019இல் அவை பிறந்த பட்டறைக்கே அனுப்பப்பட்டுப் புதிய மணிகளுடன் திரும்பி, பன்னிரண்டு மணிகள் கொண்ட தொகுதியாயின. சக்கரத்தில் கட்டிய கயிற்றை இழுக்க மணி முழுவட்டம் சுழல்வதே ஆங்கிலேய மரபு; இம்முறை அவை அவ்வாறே தொங்கவிடப்பட்டன. சுழலும் மணி தன் எடையைப்போலப் பல மடங்கு விசையைக் கட்டடத்தின் மீது செலுத்துவதால், மணியைத் தாங்கும் சட்டகத்தைச் சுவரோடு இறுகப் பிணைப்பது, வார்ப்புக்கு நிகரான பொறியியல் வேலையாகிறது.

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் கதவின் சிறுமணிகளைப் பக்தர் எவரும் தொட்டு ஒலிக்கலாம். பேராலயத்திலோ ஒவ்வொரு மணிக்கும் பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும். மெட்டு வாசிப்பதில்லை, மணிகளின் வரிசையை முறைப்படி மாற்றிக்கொண்டே போகிறார்கள். எட்டு மணிகளுக்கு 40,320 வரிசைகள் உண்டு. பன்னிரண்டுக்கு அவை 47 கோடியே 90 லட்சத்தைத் தாண்டும். எனவே மணி ஒன்றைக் கூட்ட முடிவு செய்யும் ஆலயம், கயிற்றுக்குப் பழக மாதக்கணக்கில் வரக்கூடிய ஒருவரையும் தேட வேண்டியிருக்கிறது.